சோலைமட்டத்துக் குரல்

உள் அறையிலிருந்து, எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஆலியா திரும்பிப் பார்த்தாள். “அடுப்புல ஏதாவது வச்சுட்டு வந்துட்டீங்களா மேடம்?”

“அடுப்பு இல்ல கண்ணு, ரேடியோ,” என்றார் கனகமணி. “மேகம் எறங்குதல்ல, அதான். பீங்கான் நனைஞ்சா கம்பி இப்படித்தான் பேசும்.”

ஜன்னலுக்கு வெளியே கேத்திப் பள்ளத்தாக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் முட்டைக்கோஸ் பாத்திகள் மறைந்தன. அடுத்து, கேரட் கழுவும் தொட்டியருகே நின்றிருந்த லாரி. கடைசியாக, எதிர் மலையில் வரிசையாக நின்ற இரும்புக் கோபுரங்களின் இடுப்புவரை வெள்ளை ஏறியது. அவற்றின் தோள்களும் கம்பிகளும் மட்டும், தரையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவை போல ஆகாயத்தில் மிதந்தன.

கனகமணி ஓய்வு பெற்ற மின்பொறியாளர். அந்த மலைகளில் உயர் அழுத்த மின்கம்பிப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற முதல் பெண். ஓய்வுக்குப் பிறகு கோயமுத்தூருக்குத் திரும்பாமல், கம்பிகள் கண்ணில் படும்படி இந்தச் சரிவில் ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு தனியாக இருக்கிறார். தலை நரைத்துவிட்டது. முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் வலிக்கும்.

“வாசல்ல நின்னு, ஃபரீத் பொண்ணுன்னு சொன்னே. உள்ள வந்ததுல இருந்து அந்த வர்க்கியத்தான் நொறுக்கிட்டு இருக்கே. டீ ஆறிப்போச்சு. சொல்லு கண்ணு, அவருக்கு என்ன?”

ஆலியா வர்க்கி பிஸ்கட் தட்டிலிருந்து கையை எடுத்தாள். “தொண்டையில கட்டி மேடம். கேன்சர்.”

ரேடியோ பொரிந்தது.

“கோயமுத்தூர்ல காட்டினோம். குரல்வளையையே எடுத்தாகணுமாம். எடுத்துட்டா பொழச்சுக்குவாருன்னு டாக்டர் தைரியமாச் சொல்றார். வியாழக்கிழமைக்கு பெட் சொல்லி வச்சிருக்காங்க. அத்தா மாட்டேங்கறார்.”

“பயப்படறாரா?”

“பயமெல்லாம் இல்ல. பேச்சு போயிடும்ல, அதான். ‘குரல வச்சு வாழ்ந்தவன் நான், அது இல்லாம ஒரு மூலையில கெடக்கிறதுக்குப் போய்ச் சேந்துடறேன்’ங்கறார். மாமா பேசிப் பார்த்தார். பள்ளிவாசல் பெரியவங்க வந்து பேசிப் பார்த்தாங்க. நான் காலைப் பிடிச்சு அழுதுட்டேன். டீ போட்டுக் குடும்மாங்கறார்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க சொன்னா கேட்பார் மேடம்.”

“நான் யாரு கண்ணு அவருக்கு?”

“நீங்க யாருன்னு அத்தா எங்களுக்குச் சொன்னதே இல்ல. ஆனா மழை மூட்டம் போட்டா எங்க அம்மா துஆ கேட்கிறப்ப உங்க பேரும் வரும். நான் சின்னப் புள்ளைல கேட்டிருக்கேன், யாரும்மா அந்த கனகமணின்னு. ‘அவங்க கீழ எறங்கிட்டாங்கன்னு தெரியாம உங்கத்தா தூங்க மாட்டாரு, அதனால நாந்தான் அல்லாகிட்டச் சொல்லி எறக்கி விடறேன்’னாங்க.”

கனகமணி எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். ஆலியாவின் அம்மா அமீனா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். தான் ஒருமுறைகூடப் பார்க்காத அந்தப் பெண், தன்னை எத்தனை மாலைகளில் கைபிடித்துக் கோபுரத்திலிருந்து இறக்கிவிட்டிருக்கிறாள் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

கண்ணாடியில் மூடுபனி வந்து முகத்தை ஒட்டியது. காலம் பின்னால் நகர்ந்தது.

*

கனகமணியின் அப்பா ஆறுக்குட்டி, கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் குமாஸ்தா. ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கரண்டு போனால் இயந்திரங்கள் நின்று, தெருவே மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு நிமிஷத்தில்தான் சிறுமி கேட்டாள்.

“கரண்டு எங்கிருந்துப்பா வருது?”

ஆறுக்குட்டி மாடிக்குக் கூட்டிப்போய், வடமேற்கே புகைபோல் தெரிந்த நீல மலையைக் காட்டினார். “அங்க பைக்காராவுல தண்ணி விழுது சாமி. இங்க பல்பு எரியுது.”

“நடுவுல?”

“நடுவுல என்ன, கம்பிதான்.”

விழுகிற தண்ணீரை எல்லாரும் போய்ப் பார்க்கிறார்கள். எரிகிற விளக்கை எல்லாரும் பார்க்கிறார்கள். நடுவில் இருக்கிற அந்தக் கம்பியை யாருமே பார்ப்பதில்லையே என்று அவளுக்கு அன்றைக்குத் துக்கமாக இருந்தது. சில பேருக்குச் சினிமா நடிகர்மேல் காதல் வரும். அவளுக்கு அந்த நடுவில் இருப்பதன்மேல் வந்தது.

பொறியியல் கல்லூரியில் அந்தப் பிரிவுக்கு அவள் ஒருத்திதான் பெண். வேலை கிடைத்ததும் அலுவலகத்தில் வரைபடம் போடும் மேஜையில் உட்கார வைத்தார்கள். லைனுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக் கேட்டு அதிகாரியின் காது புளித்துப்போனது.

“சேலையக் கட்டிட்டு டவர் ஏறுவியாம்மா?” என்றார் அவர்.

“ஏறும்போது மாத்திக்கிறேன் சார்.”

அப்படித்தான் குன்னூருக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவின் பழைய கால்சட்டையை இடுப்பில் பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு அவள் முதன்முதலாகக் கோபுரம் ஏறிய அன்று, கீழே தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் மருதாம்பாள் என்பவள் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவள். வாய் சும்மா இராது.

“ஏன் பிள்ளை, மேல கொழுந்து கிடக்குதோ?”

“கெடக்குதுக்கா. வாங்க, பறிக்கலாம்.”

“எனக்கு ஏலாது. கங்காணி பேர் வெட்டி இன்னைக்குக் கூலியை நிறுத்திப்போடுவான்.”

சிரிப்பு சரிவெங்கும் உருண்டு போனது. அதற்குப் பிறகு மலையில் அவளுக்கு யாரும் அந்நியர் இல்லை.

ஆனால் மூடுபனி அந்நியமாகவே இருந்தது. பனி மாதங்கள் வந்துவிட்டால், கம்பி அறாமலே மின்சாரம் நின்று, லைன் திடீர் திடீரென்று ‘விழுந்துவிடும்’. ஊர்கள் இருண்டுபோகும். ஆட்கள் மலை மலையாக நடந்து பார்ப்பார்கள். விடிந்து வெயில் வந்தால் எல்லாம் சரியாக இருக்கும். ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் பீங்கான் வில்லைகளில் எங்கோ ஒன்று அழுக்கேறியோ விரிசல் விட்டோ இருக்கும். அது நனையும்போது அதன் வழியாக மின்சாரம் கசியும். மலைமுழுக்கத் தொங்கும் வில்லைகளில் அந்த ஒன்று எது?

அருவங்காட்டில் ஒரு டீக்கடையில் அவளுக்கு அது தெரிந்தது. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேகம் இறங்கியதும் பாட்டு கருகிப் பொரிகிற சத்தமாகிவிட்டது. கடைக்காரர் ரேடியோவின் தலையில் இரண்டு அறை வைத்தார். கனகமணி வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். கடைக்கு நேர்மேலே லைன் போய்க்கொண்டிருந்தது.

மறுநாளே கைக்குள் அடங்குகிற ஒரு டிரான்சிஸ்டரை வாங்கினாள். எந்த நிலையமும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, மூடுபனி மாலைகளில் கோபுரம் கோபுரமாக நடந்தாள். நல்ல வில்லைகளுக்குக் கீழே ரேடியோ முனகும். பழுதான வில்லைக்குக் கீழே வந்தால் ஓவென்று அலறும். அந்தக் கோபுரத்தின் காலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள்.

“மேடம் பாட்டுக் கேட்டுட்டே லைன் பாக்கறாங்க,” என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். கோடு போட்ட இடங்களில் வில்லைகளை மாற்றிய பிறகு, அந்த வருஷத்து மூடுபனியில் லைன் விழவில்லை. சிரிப்பு நின்றது. பிறகு மற்ற மலைகளிலிருந்தும், பக்கத்து மாநிலங்களிலிருந்தும் பொறியாளர்கள் ரேடியோவும் கையுமாக அவளிடம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்தக் குரல்.

*

கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் ‘லைன் க்ளியர்’ வாங்க வேண்டும். சோலைமட்டம் துணைமின் நிலையத்தில் இருக்கும் ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, வேலை செய்யப்போகிறவர் பெயரில் அந்த அனுமதியைக் கொடுப்பார். வேலை முடிந்து எல்லாரும் இறங்கியதும், வாங்கியவரே தன் வாயால் அதைத் திருப்பித் தர வேண்டும். கூடப்பிறந்தவர்கள் வந்து சொன்னாலும் செல்லாது.

முதல் நாள், மலையடியில் இருந்த கொட்டகையின் போனில் அவள் கூப்பிட்டாள்.

“சோலைமட்டம். ஃபரீத் பேசறேங்க.”

“கனகமணி, அசிஸ்டென்ட் எஞ்சினியர். லைன் க்ளியர் வேணுங்க.”

“சாருக்காக நீங்க பேசறீங்களா?”

“சார் யாரும் இல்லீங்க. நாந்தான் சார்.”

“அப்பச் சரிங்க சார்,” என்றது குரல். பிறகு பதறிப்போய், “மேடம்.”

ஃபரீத் ஊட்டி பஜாரில் பேரீச்சம்பழமும் முந்திரியும் விற்கிற குடும்பத்துப் பையன். கடையில் உட்காராமல் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஆபரேட்டர் ஆனவன். இதையெல்லாம் அவள் போனில்தான் தெரிந்துகொண்டாள். அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. ஏலக்காய் போட்ட பால்போல இதமான குரல் அது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் கொஞ்சம் காத்திருக்கும். அவளுக்குக் கொடுத்த லைன் க்ளியர் திரும்பி வரும்வரை அவன் நாற்காலியை விட்டு எழமாட்டான். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நின்றாலும், “மேடம் எறங்கட்டும் அண்ணே, டீ குடிச்சுட்டு வாங்க” என்பானாம். அது யாரும் போடாத சட்டம். அவனே போட்டுக்கொண்டது.

இரண்டு கம்பி வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் போயின. அந்தக் காலத்து லைன் போனில் பேச்சும் அந்தக் கம்பிகள்மேலேயே ஏறிப் போகும். ஒன்றை நிறுத்தினால் மற்றொன்றில் போகும்; கம்பி அறாதவரை, மின்சாரம் இல்லாவிட்டாலும் பேச்சு போகும். மூடுபனி கனத்த நாட்களில் பொரிகிற சத்தத்தில் பேச்சு முங்கிவிடும். அதற்கு அவர்கள் இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். போனின் வாயில் நகத்தால் தட்டுவது. ஒரு தட்டு என்றால் கேட்டது. இரண்டு தட்டு என்றால் மறுபடி சொல்லுங்கள். மூன்று தட்டு என்றால் லைனிலேயே இருங்கள்.

பேச்சு கேட்காத மாலைகளில் அவர்கள் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே இருந்ததும் உண்டு. வேலை சம்பந்தமாகச் சொல்ல எதுவும் இல்லாதபோதும்கூட. பனிக்கு அந்தப் பக்கம் ஒரு நகம், இந்தப் பக்கம் ஒரு நகம். நடுவில் இருபது மலைகள்.

அப்படியொரு மாலையில்தான் அவன் சொன்னான். “அடுத்த வாரம் நான் லீவுங்க மேடம்.”

“என்ன விசேஷம்?”

“நிக்காஹ். வீட்ல பேசி முடிச்சுட்டாங்க. பேரு அமீனா.”

பொரிகிற சத்தம் அன்றைக்கு அவ்வளவாக இல்லை. எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. அவர்கள் வீட்டு வாசல் வேறு, இவள் வீட்டு வாசல் வேறு என்பது அவளுக்குத் தெரியாததா? நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். கேட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு வந்தது. அன்று முதன்முறையாக அவள் பதில் தட்டாமல் போனை வைத்தாள்.

*

அடுத்த மழைக்காலத்தில் அது நடந்தது.

வில்லை மாற்ற லைன் க்ளியர் வாங்கிக்கொண்டு கனகமணி ஆட்களோடு மேலே போயிருந்தாள். துருப்பிடித்த ஒரு போல்ட் மதியம்வரை கழலாமல் இழுத்தடித்தது. மூடுபனி இறங்கி, ஒருவர் கையை இன்னொருவர் பார்க்க முடியாமல் ஆனது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது லைனும் விழுந்துவிட்டது. குன்னூர் இருண்டது. சோலைமட்டத்தில் போன் அலறத் தொடங்கியது. கீழேயிருந்து ஒரு மேலதிகாரி, முதல் லைனை உடனே சார்ஜ் செய், மின்சாரம் விடு என்றார்.

கொட்டகையில் பெனிஸ் என்கிற காவல்காரன் இருந்தான். பனிக்குள்ளிருந்து கோணிச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, முதுகில் மூட்டையோடு வரிசையாக ஆட்கள் இறங்கி வருவதை அவன் பார்த்தான். நல்ல மனதோடு, அதிகாரி கேட்டபோது சொல்லிவிட்டான். “மேடமும் ஆளுங்களும் எறங்கிட்டாங்க சார். என் கண்ணால பார்த்தேன்.”

அவன் பார்த்தது மருதாம்பாளையும் அவள் கூட்டத்தையும். முதுகில் இருந்தது தேயிலை. கனகமணி அப்போது மேலே, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எறங்கிட்டாங்களாம். சார்ஜ் பண்ணு,” என்றார் அதிகாரி.

“மேடம் குரல் வரலீங்க சார்,” என்றான் ஃபரீத்.

“அதான் பெனிஸ் பார்த்துட்டேங்கறானே.”

“பெனிஸ் குரலுக்கு நான் லைன் க்ளியர் குடுக்கலீங்க.”

“ஊரே இருட்டுல கெடக்குது. இது ஆர்டர்.”

அதற்குப் பிறகு ஃபரீத் பேசவில்லை. போன் அடித்தது. திட்டினார்கள். மிரட்டினார்கள். வேலை போய்விடும் என்றார்கள். அவன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், கொட்டகைப் போன் வரும் கருவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பதிலாக வேறு ஆளை ஜீப்பில் அனுப்பினார்கள். அந்த ஜீப் பனியில் மலை ஏறி வந்து சேர்வதற்குள் கனகமணி கோபுரத்திலிருந்து இறங்கிவிட்டாள்; புது ஆள் சாவியை வாங்கி நாற்காலியில் உட்காரவும், அவள் கொட்டகைக்கு நடந்து வந்து சேரவும் சரியாக இருந்தது.

கொட்டகையில் பெனிஸ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “கோணியப் பார்த்து ஏமாந்துட்டேன் மேடம்.”

“எங்களைப் பார்த்தால் எஞ்சினியர் மாதிரியா தெரியுது உனக்கு?” என்று மருதாம்பாள் கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் உட்கார்ந்து அழுதாள்.

கனகமணி போனை எடுத்தாள். வேறு குரல் கேட்டது. ஃபரீத்தை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றது. முறைப்படி புது ஆளிடம் சொன்னாள். ஊரில் விளக்குகள் எரிந்தன.

விசாரணை கோயமுத்தூரில் நடந்தது. வராந்தா பெஞ்சில் ஒல்லியாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். கனகமணி அவனைக் கடந்து போனாள். “அண்ணே, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா” என்று அவன் பியூனிடம் கேட்டான். அவள் கால்கள் நின்றன.

அவனும் பார்த்தான். எழுந்து நின்றான். “மேடம், எறங்கிட்டீங்களா?”

“எறங்கிட்டேன். லைன் க்ளியர் திருப்பி…”

“இங்க சொன்னாச் செல்லாதுங்க,” என்று ஃபரீத் சிரித்தான். “போன்ல சொல்லணும்.”

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். நடந்தது முழுவதையும் அவள் உள்ளே சொன்னாள். ஆனாலும் உத்தரவை மீறியவன் என்று ஃபரீத்தைத் தெற்கே, மலையே கண்ணில் படாத ஒரு ஊருக்கு மாற்றினார்கள். அவளுக்குப் பாராட்டுக் கிடைத்தது, பதவி உயர்ந்தது. பல வருஷம் கழித்து, ஃபரீத் ஓய்வு பெற்று ஊட்டிக்கே திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டாள். பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். ஆனால் அமீனாவின் கணவருக்கு என்ன காரணம் சொல்லிப் போன் செய்வது? அந்தக் காரணம் வருஷங்களாகக் கிடைக்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்ல மட்டும் ஏதேதோ காரணங்கள் கிடைத்தன.

*

“மேடம்,” என்றாள் ஆலியா.

கனகமணி ஜன்னலை விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். “போடு கண்ணு.”

ஆலியா எண்ணை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்தாள். மணி அடித்தது.

“எங்கம்மா இருக்கே? மேகம் எறங்குது. நேரத்தோட வந்துரு.”

உலர்ந்த தேயிலையைச் சல்லடையில் போட்டு அசைக்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல். ஏலக்காயும் இல்லை, பாலும் இல்லை. வார்த்தைகளுக்கு நடுவே காத்திருப்பது மட்டும் அப்படியே இருந்தது. கனகமணியின் கை தானாக நீண்டது. போனின் ஓரத்தில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஆலியா? யாருகிட்டக் குடுத்திருக்கே?”

மறுபடி இரண்டு தட்டு.

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

“சோலைமட்டம்,” என்றது குரல். “ஃபரீத் பேசறேங்க.”

“கனகமணிங்க.”

“சார் யாரும் இல்லீங்களா?”

“நாந்தான் சார்.”

இருவரும் சிரித்தார்கள். அல்லது வேறு ஏதோ செய்தார்கள். ஆலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எங்கிருந்து பேசறீங்க மேடம்?”

“கேத்தியிலிருந்து. உங்க பொண்ணு எதிர்ல உக்காந்து என்ற வர்க்கிய மாவாக்கிட்டு இருக்கா.”

“சொல்லியிருப்பா.”

“சொன்னா.”

“அதைப் பேசாதீங்க மேடம். இந்தக் குரல் இருக்கும்போதே கூப்புட்டீங்க, எனக்கு அது போதும். சுவிட்ச் போட எடுக்க எத்தனையோ பேரு இருந்தாங்க. நீங்க என் குரல நம்பி மேல ஏறுனீங்க. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வெட்டிப் போட்டுட்டு என்ன செய்ய?”

“அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது உங்க குரலா? சார்ஜ் பண்ணு, சார்ஜ் பண்ணுன்னு அவங்க கத்துனப்ப நீங்க என்ன பேசுனீங்க?”

“ஒண்ணும் பேசல.”

“அதுதான். உங்க குரலு நல்லாத்தான் இருந்துச்சு, நான் இல்லைங்கல. எத்தனையோ நாள் அதக் கேக்கறதுக்குன்னே லைன் க்ளியர் வாங்கியிருக்கேன். ஆனா என்னை உசுரோட வச்சது, நீங்க வாயே தெறக்காம உக்காந்திருந்த அந்த மத்தியானம். நான் இன்னைக்கு இங்க டீ குடிக்கறதே நீங்க பேசாததாலதான்.”

உள் அறையில் ரேடியோ ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கோபுரங்களின் தோள்களும் இப்போது வெள்ளைக்குள் போய்விட்டன. ஆலியா, இணைப்பு போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தாள்.

“மேடம்,” என்றது குரல் கடைசியில். “அன்னைக்கு அந்த லைன் க்ளியர நீங்க எங்கிட்டத் திருப்பித் தரவே இல்ல. இது போன்தானே. இப்பச் சொல்லிடுங்க. கேட்டுக்கிறேன்.”

எதற்காகக் கேட்கிறார் என்று கனகமணிக்குப் புரிந்தது. கணக்கைத் தீர்த்துக்கொண்டு எழுந்து போகப் பார்க்கிறார்.

“மாட்டேன்.”

“மேடம்…”

“ஆபரேஷன் முடிஞ்சு வாங்க, குடுக்கறேன். அதுவரைக்கும் நான் எறங்கல. நான் எறங்காம நீங்க நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. அது நீங்க போட்ட சட்டம், நான் போட்டதில்ல.”

“பேச்சில்லாம நான் எப்படி வாங்கறது?”

“மேகத்துல எப்படி வாங்குனீங்க?”

கனகமணி போனுக்கு அருகில் குனிந்தார். நகத்தால் மூன்று தட்டுத் தட்டினார். லைனிலேயே இருங்கள்.

இருவரும் காத்திருந்தார்கள். ஆலியா கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் எதையோ ஓதினாள்.

டொக்.

ஒரே ஒரு தட்டு. ஆலியா கண்ணைத் திறந்து கனகமணியைப் பார்த்தாள். “அப்படீன்னா என்ன மேடம்?”

“கேட்டுச்சுன்னு அர்த்தம்,” என்றார் கனகமணி. “வியாழக்கிழமைக்குத் துணிமணி எடுத்து வை.”

போனுக்குள்ளிருந்து அந்த உலர்ந்த குரல், “அவகிட்ட ஒரு வர்க்கியாவது முழுசாத் தின்னச் சொல்லுங்க மேடம்,” என்றது. பிறகு இணைப்பு நின்றது.

ஆலியா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். கனகமணி தடுக்கவில்லை. உள்ளே போய் டீயைச் சுடவைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் குடித்தார்கள்.

கிளம்பும்போது ஆலியா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். “ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா மேடம்?”

“வருவேன். வார்டு வாசல்ல நின்னு போன் பண்ணுவேன். நேர்ல சொன்னாச் செல்லாதும்பாரு உங்கத்தா.”

ஆலியா சிரித்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பனி நனைத்த படிகளில் பார்த்துப் பார்த்து இறங்கினாள். வேலிப் படலருகே அவள் உருவம் வெள்ளைக்குள் பாதி கரைந்திருந்தது.

“ஊட்டுக்குப் போனதும் போன் பண்ணு கண்ணு,” என்றார் கனகமணி. “வேற யாரையும் விட்டுச் சொல்லக் கூடாது. உன்ற குரல்லயே சொல்லோணும்.”

“சரிங்க மேடம்,” என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

காலடிச் சத்தம் சாலைக்குப் போய்ச் சேரும்வரை நின்றுவிட்டு, கனகமணி கதவைச் சாத்தினார்.